அபராதம் போட்டால் மாஸ்க் போடுவார்களா?

வாசகர் கேள்வி: ஏப்ரல் 3, 2023, காலை 8.40

அடுத்த தொற்று வந்தால் என்ன செய்வது என்று எங்கள் உள்ளாட்சிக் குழுவில் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறோம். மாஸ்க் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "பொது இடங்களில் கட்டாயம், மீறினால் அபராதம்." போன முறை வாசலுக்கு வாசல் சண்டை. அபராதத்தைக் கூட்டினால் சண்டை குறையும் என்பது என் கருத்து. மக்கள் பணத்துக்குத்தானே பயப்படுகிறார்கள்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 3, காலை 10.15

குறையாது. அபராதம் விதியின் கடைசி வரி. நீங்கள் அதிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள்.

மாஸ்க் போட மறுப்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக மறுப்பதில்லை. ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது, கண்ணாடி மங்குகிறது, காது வலிக்கிறது. இன்னொருவருக்கு இதனால் பயன் உண்டா என்றே சந்தேகம். மூன்றாமவருக்கு மாஸ்க்கில் பிரச்சினையே இல்லை, "என்னைக் கேட்காமல் நீ யார் உத்தரவு போட?" என்பதுதான் கோபம். முதல் ஆளுக்குப் பொருந்துகிற மாஸ்க் வேண்டும், இரண்டாமவருக்கு நேர்மையான விளக்கம் வேண்டும், மூன்றாமவருக்கு விதி எப்போது முடியும் என்று தெரிய வேண்டும். மூவருக்கும் ஒரே அபராதச் சீட்டை நீட்டினால் மூவரும் ஒரே அணியாகி விடுவார்கள். போன முறை பல ஊர்களில் நடந்தது இதுதான்.

2020 மே 1 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் நகரம், கடைக்குள் வருகிறவர்கள் மாஸ்க் போட வேண்டும் என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சுமார் 3 மணி நேரத்துக்குள் கடை ஊழியர்களுக்கு வசை, மிரட்டல். ஓர் இடத்தில் துப்பாக்கியைச் சொல்லியே மிரட்டல். அன்றே நகர நிர்வாகம் கட்டாயத்தை வேண்டுகோளாக மாற்றிவிட்டது. அதற்குச் சில நாள் முன்பு ஒஹையோ மாநில ஆளுநர் மைக் டிவைனும் இதையே செய்திருந்தார். ஏப்ரல் 27-ல் வாடிக்கையாளருக்குக் கட்டாயம் என்றார், 28-ல் திரும்பப் பெற்றார். அதே மாநிலம் ஜூலை 23 முதல் முழுக்கக் கட்டாயம் ஆக்கியபோது விதி நின்றது. இடைப்பட்ட மூன்று மாதங்களில் மக்களின் இயல்பு மாறிவிடவில்லை. மாஸ்க் தாராளமாகக் கிடைத்தது, அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் ஏற்கனவே போட்டிருந்தார்கள், தொற்று எண்ணிக்கை கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது.

ஸ்டில்வாட்டரில் கோபத்தின் எதிரே நின்றது யார் என்று பாருங்கள். விதி எழுதியவர் ஒருவரும் அங்கே இல்லை. குறைந்த சம்பளத்துக்குக் கல்லாவில் நின்ற ஊழியர்தான் இருந்தார். உங்கள் வரைவில் "வாசலில் யார் சொல்வது, மறுத்தால் என்ன செய்வது" என்று எங்காவது இருக்கிறதா?

ஏப்ரல் 3, இரவு 9.30

நூறு வருடத்துக்கு முன்பு இந்தத் தொல்லை இல்லை, அப்போது மக்கள் கட்டுப்பட்டார்கள் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்போதும் இதே தொல்லைதான்.

சான் பிரான்சிஸ்கோ, 1918 அக்டோபர் கடைசி. ஸ்பானிஷ் ஃப்ளூ. மாஸ்க் கட்டாயம், மீறினால் 5 முதல் 100 டாலர் வரை அபராதம் அல்லது 10 நாள் சிறை. பெரும்பாலோர் போட்டார்கள். நவம்பர் 21 மதியம் சங்கு ஊதி விதியை முடித்தார்கள், சனங்கள் தெருவில் மாஸ்க்கைக் கழற்றி வீசினார்கள். இடையில் மேயர் ஜேம்ஸ் ரால்ஃப் ஒரு குத்துச்சண்டைப் போட்டியில் மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்திருந்தது படத்தில் சிக்கியது. அவருக்கு 50 டாலர் அபராதம், நகரச் சுகாதார அதிகாரி வில்லியம் ஹாஸ்லருக்கு 5 டாலர்.

1919 ஜனவரி 17-ல் அதே விதி திரும்ப வந்தது. இந்த முறை "மாஸ்க் எதிர்ப்புச் சங்கம்" என்றே ஒன்று கிளம்பி, ஜனவரி 25-ல் ட்ரீம்லாண்ட் அரங்கில் சுமார் 2,000 பேர் கூடினார்கள். பிப்ரவரி 1-ல் விதி போய்விட்டது.

ஊரும் அபராதமும் மாறவில்லை. முதல் தடவை ஓடிய விதி இரண்டாம் தடவை ஓடவில்லை. முடிந்தது என்று சங்கு ஊதிவிட்டு மறுபடி கொண்டுவந்தது ஒரு காரணம், மேயரின் படம் இன்னொரு காரணம். துணியின் தரத்தையும் சேர்க்க வேண்டும். அன்றைய மாஸ்க் என்பது காயத்துக்குக் கட்டும் மெல்லிய மருத்துவமனைக் காஸ் துணி. கலிஃபோர்னியா சுகாதார வாரியத்தின் டபிள்யூ. ஹெச். கெல்லாக் அதைச் சோதித்து 1920-ல் வெளியிட்ட முடிவு இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. வடிகட்டும் அளவுக்கு அடுக்கைக் கூட்டினால் மூச்சு விடச் சிரமம், காற்று துணி வழியாகப் போகாமல் ஓரம் வழியாகக் கசிகிறது. கட்டாயப்படுத்தும் அளவுக்கு அதன் பயன் நிரூபணமாகவில்லை என்றார். இதைக் காட்டி மாஸ்க்கே வீண் என்று வாதிடுவோர் உண்டு. அவர் சோதித்தது காஸ் துணியை. ஓரக்கசிவு என்று அவர் சொன்ன குறை மட்டும் இன்றைய மாஸ்க்கிலும் அப்படியே இருக்கிறது. நாளை அதைப் பற்றி.

ஏப்ரல் 4, காலை 7.50

மாஸ்க் பற்றிய புகார்களில் பாதி, பொருத்தத்தைச் சரி செய்தால் மறைந்துவிடும். விதி எழுதுகிறவர்கள் இதைச் சில்லறை விஷயம் என்று நினைப்பதால்தான் எரிச்சல் சேர்கிறது.

கண்ணாடி மங்குவது: மூக்குப் பக்கம் காற்று மேலே கசிகிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளி வளைக்கிறார்கள். அப்படிக் கிள்ளினால் நடுவில் கூர்மையான மடிப்பு விழுந்து இருபுறமும் இடைவெளி வரும். இரண்டு கை விரல்களையும் மூக்குத் தண்டின் மேல் வைத்து, நடுவிலிருந்து கன்னம் நோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள். அதன் பிறகு கண்ணாடியை மாஸ்க்கின் மேல் விளிம்பில் உட்கார வையுங்கள். இதற்கும் அடங்காவிட்டால் தோலில் ஒட்டும் மருத்துவ டேப் ஒரு துண்டு.

கன்னத்தில் இடைவெளி: நீல நிறச் சர்ஜிக்கல் மாஸ்க் பெரும்பாலான முகத்துக்கு அகலம் அதிகம். நீளவாக்கில் இரண்டாக மடித்து, காது எலாஸ்டிக்கை மாஸ்க்கின் ஓரத்தை ஒட்டினாற்போல் ஒரு முடிச்சு போடுங்கள். விரித்ததும் முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பை மாதிரி துணி உப்பி நிற்கும். அதை உள்ளே தள்ளி மடித்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் முடிச்சு போட்டும் பயனில்லை, காற்று அந்தப் பை வழியாகவே போகும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வக முடிவும், சர்ஜிக்கல் மாஸ்க்குக்கு மேல் இறுக்கமான துணி மாஸ்க் போடுவது அல்லது இப்படி முடிச்சு போடுவது இரண்டுமே பெரிய வித்தியாசம் தருகின்றன என்றது.

காது வலி: எலாஸ்டிக் இரண்டையும் பின்னந்தலையில் ஒரு கொக்கியால் இணைத்தால் காதில் பாரம் விழாது. முழு நாள் வேலை செய்கிறவர்களுக்கு இதை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

என்95: இரண்டு பட்டையும் தலையைச் சுற்றித்தான் போக வேண்டும், மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே கழுத்தில். கீழ்ப் பட்டையை வெட்டிவிட்டோ தொங்கவிட்டோ அலைபவர்களை எங்கும் பார்க்கலாம். அவர்கள் போட்டிருப்பது விலை கூடிய சாதாரண மாஸ்க். இரண்டு கையாலும் மூடிப் பலமாக மூச்சை விட்டுப் பாருங்கள், கண்ணிலோ கன்னத்திலோ காற்று பட்டால் மறுபடி சரி செய்ய வேண்டும். தாடி இருந்தால் எந்த என்95-ம் சீலாகாது.

ஏப்ரல் 5, மாலை 6.05

"மாஸ்க் ஆக்சிஜனைத் தடுக்கிறது, கரியமில வாயு தேங்குகிறது, அதனால்தான் தலைவலி" என்ற கேள்விக்கு:

சர்ஜிக்கல் மாஸ்க்கின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியோடு ஒப்பிட்டால் ஆக்சிஜன், கரியமில வாயு மூலக்கூறுகள் பல ஆயிரம் மடங்கு சிறியவை. தாராளமாகப் போய் வருகின்றன. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வைத்து மாஸ்க்கோடும் இல்லாமலும் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அசௌகரியம் பொய் இல்லை. மூச்சில் உள்ள ஈரம் உள்பக்கம் படிகிறது, முகத்தைச் சுற்றிச் சூடு ஏறுகிறது, இழுக்கும் மூச்சுக்குக் கொஞ்சம் தடை இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து "மூச்சு முட்டுது" என்ற உணர்வைத் தருகின்றன. வாசலில் நிற்பவர் "அதெல்லாம் ஒன்றும் இல்லை, சும்மா சொல்றீங்க" என்று சொன்னதும் சண்டை தொடங்கிவிடும். "ஈரமாயிருந்தா முட்டத்தான் செய்யும், இந்தாங்க புதுசு" என்றால் பத்தில் எட்டுப் பேர் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். ஈரமான மாஸ்க்கை மாற்ற வேண்டும் என்பது உண்மையும்கூட.

ஏப்ரல் 6, காலை 11.20

வாசல் விஷயம். இதுதான் உங்கள் வரைவில் அரைப் பக்கமாவது இருக்க வேண்டிய பகுதி.

டெக்சாஸில் 2020 ஏப்ரல் கடைசியில் ஆளுநர் போட்ட உத்தரவுப்படி, மாஸ்க் போடாத தனிமனிதருக்கு உள்ளூர் நிர்வாகம் அபராதம் விதிக்க முடியாது. ஜூன் 17-ல் அங்குள்ள பெக்ஸார் கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தலைவர் நெல்சன் உல்ஃப் வேறு வழி கண்டுபிடித்தார். தனிமனிதரை விட்டுவிட்டு, மாஸ்க் கொள்கை வைத்திருக்கும் பொறுப்பை வணிக நிறுவனங்கள் மேல் வைத்தார். மீறினால் 1,000 டாலர் வரை. ஆளுநரே அதை ஏற்றுக்கொண்டார், மற்ற ஊர்களும் பின்பற்றின. ஜூலை 2-ல் மாநிலமே பெரும்பாலான இடங்களில் கட்டாயம் ஆக்கியது.

இதில் நல்லதும் உண்டு, ஆபத்தும் உண்டு. நல்லது: "இது எங்கள் கட்டட விதி, செருப்பு போடாமல் வந்தாலும் விடமாட்டோம்" என்று நிறுவனம் சொல்லும்போது அது அரசியல் ஆகாது. ஆபத்து: ஸ்டில்வாட்டர் மாதிரி பாரம் மொத்தமும் ஊழியர் தலையில் விழும். அதனால் பொறுப்பு நிறுவனத்துக்கு என்று எழுதும் அதே பத்தியில் ஊழியருக்கு ஒரு எல்லையும் எழுதுங்கள். ஒரு முறை கேட்க வேண்டும். இலவச மாஸ்க் நீட்ட வேண்டும். மறுத்தால் வெளியிலேயே வாங்கிக்கொள்ளும் வழி சொல்ல வேண்டும். அதற்கும் மறுத்தால் மேலாளரை அழைத்துவிட்டு விலகிவிட வேண்டும். கையால் தடுப்பது, வழிமறிப்பது, படம் எடுப்பது கூடாது. வாக்குவாதம் நீள்கிற ஒவ்வொரு நிமிடமும் இரண்டு பேர் நெருக்கமாக நின்று கத்துகிறார்கள். தொற்றுக் காலத்தில் அதைவிட மோசமான காட்சி இல்லை.

எங்கே நிற்பது என்பதும் முக்கியம். கதவுக்கு வெளியே, வரிசை தொடங்கும் இடத்தில். உள்ளே வந்து பொருளைக் கையில் எடுத்துவிட்டவரிடம் போய்க் கேட்டால் அவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும். இலவச மாஸ்க் பெட்டி இடுப்பு உயரத்தில் இருக்கட்டும், ஊழியர் கையால் எடுத்துத் தராமல் அவரே எடுக்கட்டும். பெரியவர் அளவு, சிறுவர் அளவு இரண்டும் வேண்டும். முதல் வாரம் தினமும் எத்தனை தீர்கிறது என்று எழுதி வைத்து அடுத்த வாரத்துக்கு வாங்குங்கள். பெட்டி காலியான நாளில் விதியும் காலி.

ஏப்ரல் 8, காலை 9.10

அபராதம் இல்லாமல் போடவைக்க முடியுமா, ஆதாரம் உண்டா என்று கேட்டவருக்கு.

உண்டு. வங்கதேசத்தில் 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்களில், சுமார் 3,42,000 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு. பாதிக் கிராமங்களில் எதுவும் செய்யவில்லை. மீதிக் கிராமங்களில் நான்கு வேலைகள்: வீடு வீடாக இலவச மாஸ்க், ஏன் என்ற விளக்கம், ஊர்ப் பெரியவர்களும் இமாம்களும் தாங்களே போட்டுக் காட்டுவது, சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆள் நின்று போடாதவர்களிடம் நேரில் நினைவுபடுத்தி ஒன்று கொடுப்பது. சரியாகப் போட்டவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். அபராதம் கிடையாது.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது எதற்குப் பலன் இல்லை என்ற பட்டியல். செல்பேசிச் செய்தி அனுப்பியது கூடுதலாக எதையும் தரவில்லை. "நான் மாஸ்க் போடுவேன்" என்று வாக்குறுதி வாங்கியதும் தரவில்லை. வீட்டு வாசலில் அட்டை மாட்டியதும், ஊர்த் தலைவருக்குப் பணமோ சான்றிதழோ தருவதாகச் சொன்னதும் அப்படியே. உள்ளாட்சி அமைப்புகள் தொற்றுக் காலத்தில் செலவழித்த பணத்தில் எவ்வளவு பேனருக்கும் குறுஞ்செய்திக்கும் போனது என்று யோசித்துப் பாருங்கள். நேரில் ஒரு மனிதர் நின்று மரியாதையாகச் சொல்லிக் கையில் ஒன்றைக் கொடுப்பதற்கு அவை எதுவும் ஈடாகவில்லை.

இன்னொன்று. மாஸ்க் போட்டால் மக்களுக்கு அசட்டுத் தைரியம் வந்து நெருங்கி நிற்பார்கள் என்று 2020 தொடக்கத்தில் நிறையப் பேர் பயந்தார்கள். அந்தக் கிராமங்களில் இடைவெளி விட்டு நின்றவர்கள் 5 சதவீதப் புள்ளி கூடினார்கள்.

ஏப்ரல் 8, மதியம் 2.45

நோய் எவ்வளவு குறைந்தது, அதைச் சொல்லாமல் தாண்டிவிட்டீர்களே என்கிறார் ஒருவர். அறிகுறியோடு வந்து ரத்தப் பரிசோதனையில் உறுதியான தொற்று சுமார் 9 சதவீதம் குறைந்தது. சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் 11 சதவீதம், அதிலும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 35 சதவீதம். துணி மாஸ்க் கொடுத்த கிராமங்களில் தெளிவான முடிவு கிடைக்கவில்லை. 9 சின்ன எண்தான். ஆனால் அந்தக் கிராமங்களிலும் பாதிக்கு மேல் போடவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

டென்மார்க் ஆய்வைக் காட்டி மாஸ்க்கால் பயனில்லை என்றவருக்கும் இதிலேயே பதில். 2020-ல் சுமார் 6,000 பேர். மாஸ்க் பரிந்துரைக்கப்பட்ட குழுவில் தொற்று 1.8 சதவீதம், மற்றதில் 2.1. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். அது கேட்ட கேள்வி, ஊரில் யாரும் போடாதபோது நான் மட்டும் போட்டால் எனக்கு எவ்வளவு காப்பு என்பது. ஊரே போட்டால் என்ன ஆகும் என்பதை அது பார்க்கவே இல்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023 ஜனவரியில் வெளியிட்ட தொகுப்பாய்வை "மாஸ்க் பயனற்றது என்று நிரூபணம்" என்று பரப்பினார்கள். மார்ச்சில் காக்ரேனின் தலைமை ஆசிரியரே விளக்கம் கொடுத்துவிட்டார்: மாஸ்க் போடச் சொல்லும் முயற்சிகள் தொற்றைக் குறைக்கின்றனவா என்று பார்த்தோம், தெளிவான முடிவு கிடைக்கவில்லை, மாஸ்க் வேலை செய்யாது என்று இதற்குப் பொருள் இல்லை. உங்கள் குழுவுக்கு இது நேரடியாகப் பொருந்தும். நீங்கள் எழுதுவதும் ஒரு "போடச் சொல்லும் முயற்சி"தான். முயற்சி மோசமாக இருந்தால் மாஸ்க் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் கட்டாயம் பலன் தந்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். 2020 ஜூலை 3 முதல் மாநில உத்தரவு, ஆனால் கவுன்டிகள் விலகிக்கொள்ளலாம். 105-ல் 24 கவுன்டிகள் விதியை வைத்துக்கொண்டன. ஆகஸ்ட் பிற்பகுதியில் அங்கே தொற்று விகிதம் 6 சதவீதம் குறைந்திருந்தது, விலகிய 81-ல் இரட்டிப்பானது. கணக்கு கவர்ச்சியாக இருக்கிறது, ஆனால் விதியை வைத்துக்கொண்ட கவுன்டிகள் வேறு விதங்களிலும் எச்சரிக்கையாக இருந்திருக்கலாம். மேடையில் முழங்க இதைப் பயன்படுத்தாதீர்கள், எதிர்த்தரப்பில் விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும்.

ஏப்ரல் 11, இரவு 8.00

விலக்கு. இதைச் சரியாக எழுதாத விதி நியாயமான ஆட்களைத்தான் முதலில் கோபப்படுத்தும்.

சிறு குழந்தைகள்: உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் சொன்னது, 5 வயது வரை தேவையில்லை, 6 முதல் 11 வரை சூழலைப் பொறுத்து, 12-க்கு மேல் பெரியவர்கள் போல. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2 வயதிலிருந்தே என்றது. இரண்டையும் படித்த பெற்றோர் குழம்பத்தான் செய்வார்கள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்து வயதை எண்ணில் எழுதுங்கள், "சிறு குழந்தைகள்" என்று எழுதாதீர்கள். தானே கழற்ற முடியாதவர், மயக்கத்தில் உள்ளவர், மூச்சுத் திணறல் உள்ளவர் யாருக்கும் போடவே கூடாது.

காது கேளாதோர்: உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவருக்கு எதிரே இருப்பவரின் மாஸ்க்தான் தடை. எனவே அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்துப் பயனில்லை, அவரோடு பேசுகிறவருக்கும் கொடுக்க வேண்டும். பல ஊர்கள் இதைத் தலைகீழாக எழுதின. சர்ஜிக்கல் மாஸ்க் பேச்சின் உயர் அதிர்வெண்களை 3 முதல் 4 டெசிபல் வரையும், என்95 ஏறக்குறைய 12 டெசிபல் வரையும் அமுக்குகிறது. "ச", "ஸ", "ஃப" போன்ற ஒலிகள் போய்விடும். காது மந்தமான முதியவர்களுக்கு இது பெரிய இழப்பு. சேவை மேசையில் ஒருவராவது முன்பக்கம் தெளிவாகத் தெரியும் மாஸ்க் போடட்டும். உள்பக்கம் ஆவி படிந்தால் பாத்திர சோப்பில் ஒரு துளியைத் தேய்த்து உலரவிட்டால் கொஞ்ச நேரம் தாங்கும். ஒரு தாளும் பேனாவும் மேசையில் இருப்பது அதைவிட நம்பகமானது.

சான்றிதழ் கேட்பதா? நான் வேண்டாம் என்பேன். வாசல் காவலர் ஒருவரின் நோய் விவரத்தைக் கேட்கும் நிலைமை வரவே கூடாது. பொய் சொல்லி நுழைகிறவர்கள் சிலர் இருப்பார்கள். அந்தச் சிலருக்காக ஆஸ்துமா நோயாளியை வரிசையில் நிறுத்தி விசாரிப்பது தகாது.

ஏப்ரல் 12, காலை 7.30

ஏப்ரல் 3 குறிப்பைப் படித்தவர்கள் நான் அபராதத்துக்கே எதிரி என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு நாளாக அதைத் திரும்ப யோசித்தேன். அபராதத்துக்கு ஓர் இடம் உண்டு. சிங்கப்பூர் 2020 ஏப்ரல் 14 முதல் கட்டாயம் ஆக்கியது, மீறினால் 300 சிங்கப்பூர் டாலர். அங்கே எடுபட்டது. ஆனால் அங்கே குடியிருப்போர் எல்லோருக்கும் அரசு துவைத்துப் போடும் மாஸ்க்கை ஏற்கனவே இலவசமாகக் கொடுத்திருந்தது. "என்னிடம் இல்லை" என்று யாரும் சொல்ல முடியாத நிலையில் அபராதம் நியாயமாகத் தெரிகிறது. முதலில் மாஸ்க், பிறகு நினைவூட்டல், கடைசியில் வேண்டுமென்றே திரும்பத் திரும்ப மீறுபவருக்கு மட்டும் அபராதம். வரிசை மாறினால் கெட்டது.

ஏப்ரல் 12, மாலை 5.40

"பொது இடங்களில்" என்ற உங்கள் சொற்றொடரை முதலில் அடியுங்கள்.

ஸ்பெயினில் 2021 மார்ச் இறுதியில் வந்த சட்டம், இடைவெளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியிடங்களில் கட்டாயம் என்றது. அப்படியானால் கடற்கரையில் தனியாகப் படுத்திருப்பவரும் போட வேண்டுமா என்று நாடே கேட்டது. நீந்துவோருக்கும் இடைவெளியோடு ஓரிடத்தில் ஓய்வெடுப்போருக்கும் தேவையில்லை என்று ஏப்ரலில் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஜூன் 26-ல் வெளியிடக் கட்டாயமே போனது, டிசம்பரில் திரும்ப வந்தது, 2022 பிப்ரவரியில் மறுபடி போனது.

ஆளில்லாத திறந்தவெளியில் போடச் சொன்னால் அதில் அர்த்தமில்லை என்று மக்களுக்கே தெரிகிறது. அந்த ஒரு அபத்தத்தை வைத்து, காற்றோட்டமில்லாத உள்ளறையில் போடச் சொல்லும் நல்ல விதியையும் தூக்கி எறிவார்கள். பேருந்து, லிஃப்ட், மருத்துவமனை, கூட்ட அரங்கு, சேவை வரிசை என்று இடத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

ஏப்ரல் 15, காலை 10.00

அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியை யாராவது எழுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். 2020 ஜூலையில் ஜார்ஜியா ஆளுநர் பிரையன் கெம்ப், மாநில விதியைவிடக் கடுமையான மாஸ்க் விதியை நகரங்கள் போடக்கூடாது என்று உத்தரவிட்டு, அட்லாண்டா மேயர் கெய்ஷா லான்ஸ் பாட்டம்ஸ் மேல் வழக்கே போட்டார். ஆகஸ்டில் வழக்கைத் திரும்பப் பெற்றார். நடுவில் இருந்த மக்கள் யார் சொல்வதைக் கேட்பது? கேட்க விருப்பமில்லாதவருக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. விதியை அறிவிக்கும் முன் மேலிடத்தில் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்குங்கள். பக்கத்து ஊரிலும் அதே தேதியில் தொடங்க வைக்க முடிந்தால் இன்னும் நல்லது, மக்கள் எல்லை பார்த்து நடமாடுவதில்லை.

ஏப்ரல் 15, காலை 10.20

தலைவர்களே போட்டுக் காட்டுவது பற்றி மேலே விட்டுப்போனது. தைவானில் 2020 ஏப்ரலில், இளஞ்சிவப்பு மாஸ்க் போட்டால் பள்ளியில் கேலி செய்வார்கள் என்று ஒரு சிறுவன் போக மறுப்பதாக அவசரத் தொலைபேசி எண்ணுக்குத் தகவல் வந்தது. ஏப்ரல் 13 செய்தியாளர் கூட்டத்தில் சுகாதார அமைச்சர் சென் ஷிஜுங்கும் உடனிருந்த அதிகாரிகளும் எல்லோரும் இளஞ்சிவப்பு மாஸ்க்கோடு வந்து உட்கார்ந்தார்கள். புகாரைத் தள்ளிவிடாமல் அதற்குப் பதில் சொல்வது என்றால் இதுதான். சான் பிரான்சிஸ்கோ மேயரையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏப்ரல் 19, இரவு 9.15

வரைவை அனுப்பியவருக்கு. பழையதைவிட எவ்வளவோ மேல். மூன்று திருத்தம்.

ஒன்று, "மறு அறிவிப்பு வரை" என்பதை எடுங்கள். "28 நாட்கள். அதன் பிறகு குழு கூடிப் புதுப்பித்தால் மட்டுமே தொடரும்" என்று எழுதுங்கள். தானாக முடியும் விதிக்கு எதிர்ப்புக் குறைவு. எந்த எண் எங்கே போனால் புதுப்பிப்பீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். 2021 மே 13-ல் அமெரிக்க மையம், தடுப்பூசி போட்டவர்கள் உள்ளேயும் கழற்றலாம் என்றது. ஜூலை 27-ல், தொற்று கூடிய பகுதிகளில் தடுப்பூசி போட்டவர்களும் உள்ளே போட வேண்டும் என்றது. டெல்டா வகை வைரஸ் வந்ததால் காரணம் சரியானதுதான். ஆனால் "மறுபடி வரலாம், இந்த நிலை வந்தால் வரும்" என்று மே மாதமே உரக்கச் சொல்லியிருந்தால் ஜூலையில் அவ்வளவு கோபம் வந்திருக்காது.

இரண்டு, எந்த மாஸ்க் என்று எழுதவில்லை. ஜெர்மனியின் யேனா நகரம் 2020 ஏப்ரல் 6-ல் கட்டாயம் ஆக்கியபோது மாஸ்க் பற்றாக்குறை, அதனால் கைக்குட்டை, சால்வைகூடச் செல்லும் என்றார்கள். அன்றைக்கு அது சரி. 2021 ஜனவரி 18-ல் அதே நாட்டின் பவேரியா மாநிலம் கடைக்கும் பேருந்துக்கும் எஃப்எஃப்பி2 (என்95 போன்ற ஐரோப்பியத் தர மாஸ்க்) கேட்டது, அதற்குள் சந்தையில் கிடைத்தது. கையிருப்பைப் பொறுத்துத் தரத்தை எழுதுங்கள். துணி மட்டுமே கிடைக்கும் நிலை என்றால் உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் சொன்ன மூன்றடுக்கு: உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவில் நெய்யாத பாலிப்ரொப்பிலீன், வெளியே ஈரம் ஒட்டாத பாலியெஸ்டர். ஃபேஸ் ஷீல்டு மட்டும் போதும் என்ற வரியை நீக்குங்கள், கீழேயும் பக்கத்திலும் முழுக்கத் திறந்து கிடக்கிறது.

மூன்று, நாலாம் பக்கத்தில் ஒரு மிரட்டல் தொனி இருக்கிறது. "மீறுவோர் மீது கடும் நடவடிக்கை பாயும்" என்ற வாக்கியம் எந்த நடவடிக்கை என்று சொல்லவில்லை. அதை வெட்டிவிட்டு, மாஸ்க் எங்கே இலவசமாகக் கிடைக்கும், எத்தனை மணி வரை, யாரைக் கேட்பது என்று எழுதுங்கள்.

ஏப்ரல் 20, காலை 8.25

துவைப்பது பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். துணி மாஸ்க் என்றால் சோப்பும் குறைந்தது 60 டிகிரி வெந்நீரும். வெந்நீரில் துவைக்க வசதி இல்லையென்றால் சாதாரண நீரில் சோப்பு போட்டுத் துவைத்து, பிறகு ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் போட வேண்டும்.

என்95, சர்ஜிக்கல் இரண்டையும் துவைக்காதீர்கள், ஸ்பிரிட் தெளிக்காதீர்கள். நடு அடுக்கில் உள்ள இழைகளில் மின்னூட்டம் இருக்கிறது, நுண்துகளைப் பிடித்து இழுப்பது அதுதான். ஆல்கஹால் பட்டால் அது போய்விடும். பார்க்க மாஸ்க் அப்படியே இருக்கும், வடிகட்டும் திறன் விழுந்திருக்கும்.

ஏப்ரல் 20, மதியம் 1.10

வால்வு வைத்த மாஸ்க்கை அனுமதிக்கலாமா? இழுக்கும் காற்றை வடிகட்டும், விடும் மூச்சு வால்வு வழியாக வடிகட்டாமல் வெளியே போகும். உங்கள் விதியின் நோக்கம் போட்டவர் மற்றவருக்குப் பரப்பாமல் இருப்பது, ஆகவே வால்வை உள்ளே இருந்து டேப்பால் மூடினால் அனுமதிக்கலாம், அல்லது மேலே ஒரு சர்ஜிக்கல் மாஸ்க் போடச் சொல்லலாம். வாசல் ஊழியருக்கு வால்வு எப்படி இருக்கும் என்று ஒரு படம் ஒட்டிக் கொடுங்கள், முன்பக்கம் வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு பிளாஸ்டிக் மூடி. தூசிக்குப் போடும் தொழிற்கூட மாஸ்க்குகளில்தான் அதிகம் இருக்கும்.